காற்றை நகர்த்தும் மேகங்கள்

காற்று அடிக்கிறது, மேகம் நகர்கிறது. வானத்தைப் பார்க்கும் எல்லோருக்கும் தெரிந்த காட்சி இது. அதனாலேயே, காற்று இழுத்த இழுப்புக்குப் போகும் ஒன்று என்றே மேகத்தை நினைத்துப் பழகிவிட்டோம். ஒரு மணி நேரம், ஒரு நாள் என்ற கணக்கில் அது சரிதான். பல ஆண்டுகளின் சராசரியை எடுத்துக்கொண்டு, பூமி முழுவதையும் ஒருசேரப் பார்த்தால் கதை வேறு. பலமான மேலைக்காற்று எந்த அட்சரேகையில் வீச வேண்டும், மழைப்பட்டை எங்கே நிற்க வேண்டும், வறண்ட நிலங்களின் எல்லை எதுவரை போக வேண்டும் என்பதையெல்லாம் முடிவுசெய்வதில் மேகங்களுக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

பூமி சூடாகிக்கொண்டிருக்கும்போது மேகங்கள் அப்படியே இருப்பதில்லை. சில உயரே போகின்றன, சில மெலிகின்றன, சில இன்னும் அடர்த்தியாகின்றன. அந்த மாற்றங்கள் காற்றின் பாதையையும் மாற்றுகின்றன. புவி வெப்பமாதலைப் பற்றிப் பேசும்போது ‘சராசரி வெப்பநிலை எவ்வளவு கூடும்’ என்ற கேள்வியிலேயே பெரும்பாலும் நின்றுவிடுகிறோம். காற்றும் மழையும் எங்கே இடம் மாறும் என்பது அதே அளவுக்கு முக்கியமான கேள்வி என்பது என் எண்ணம். அதற்கு விடை தேடினால் நேராக மேகங்களிடம்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

காற்று ஏன் வீசுகிறது

பூமத்திய ரேகையை ஒட்டிய பகுதிகளுக்கு வெயில் ஏராளம், துருவங்களுக்குக் குறைவு. ஒரு பக்கம் மிஞ்சும் வெப்பத்தை இன்னொரு பக்கத்துக்குக் கொண்டுசேர்க்கும் வேலையைக் காற்றும் கடலும் பகிர்ந்துகொள்கின்றன. பூமத்திய ரேகைக்கு அருகே சூடான ஈரக்காற்று மேலெழுந்து, சுமார் 15 கிலோமீட்டர் உயரம் வரை போய், துருவங்களின் திசையில் நகர்ந்து, 30 டிகிரி அட்சரேகையை ஒட்டிய பகுதிகளில் கீழே இறங்குகிறது. இறங்கும் காற்று வறண்டது. சஹாரா, கலஹாரி, ஆஸ்திரேலியப் பாலைவனங்கள் எல்லாம் ஏறக்குறைய இந்த இறங்குமுகத்தில்தான் இருக்கின்றன. இறங்கிய காற்று கடல்மட்டத்தை ஒட்டி மறுபடியும் பூமத்திய ரேகையை நோக்கி வியாபாரக் காற்றாகத் திரும்புகிறது. இந்த வளையத்தை ஹாட்லி சுழற்சி என்கிறார்கள். 1735இல் ஜார்ஜ் ஹாட்லி என்ற ஆங்கிலேய வழக்கறிஞர் இதற்கு முதன்முதலில் ஒரு நல்ல விளக்கம் கொடுத்தார், அதனால் அவர் பெயர்.

அதைத் தாண்டி, இரண்டு அரைக்கோளங்களிலும் நடு அட்சரேகைகளில், சுமார் 10 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஜெட் காற்றோட்டங்கள் வேகமாக ஓடுகின்றன. நடு அட்சரேகைகளின் புயல்கள் இவற்றை ஒட்டியே பிறந்து, இவற்றின் வழியிலேயே பயணிக்கின்றன. ஜெட் காற்று இடம் மாறினால் புயல்பாதையும் மழையும் கூடவே மாறும்.

இங்கே ஒரு விதியை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும், மீதி எல்லாம் அதிலிருந்து வரும். மேலே போகப் போகக் காற்றின் வேகம் எவ்வளவு கூடுகிறது என்பது, அந்த இடத்தில் வடக்குக்கும் தெற்குக்கும் இடையே வெப்பநிலை எவ்வளவு செங்குத்தாக மாறுகிறது என்பதைப் பொறுத்தது. வெப்பநிலை சட்டென்று விழும் இடத்துக்கு மேலேதான் ஜெட் காற்று பலமாக இருக்கும். ஆக, வெப்பம் எங்கே கூடுகிறது, எங்கே குறைகிறது என்ற வரைபடத்தை யார் மாற்றினாலும் அவர்கள் காற்றையும் மாற்றியவர்களாகிறார்கள்.

மேகம் வெப்பத்தை என்ன செய்கிறது

எந்த நேரத்தில் பார்த்தாலும் பூமியின் பரப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை மேகம் மூடியிருக்கிறது. அது வெப்பத்தை மூன்று விதமாகக் கையாள்கிறது. முதலாவது, வெள்ளையாக இருப்பதால் வெயிலைத் திருப்பி விண்வெளிக்கே அனுப்பிவிடுகிறது. இரண்டாவது, தரையும் கடலும் இரவு பகலாக அகச்சிவப்புக் கதிர்களாக வெளியே விடும் வெப்பத்தை நடுவிலேயே உறிஞ்சி, ஒரு பகுதியைக் கீழே திருப்பி விடுகிறது. மேகமூட்டமான இரவில் குளிர் குறைவாக இருப்பது இதனால்தான். அந்த வகையில் மேகம் ஒரு போர்வை. மூன்றாவது, மேகம் பிறக்கும்போதே நடக்கிறது. கடல்நீர் ஆவியாகும்போது எடுத்துக்கொண்ட வெப்பம், நீராவி மீண்டும் துளியாகும்போது காற்றில் வெளிப்படுகிறது. இதற்கு உள்ளுறை வெப்பம் என்று பெயர்.

இந்த மூன்றாவது வேலையின் அளவை ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மில்லிமீட்டர் மழை என்றால் அது 1 கிலோ தண்ணீர். 1 கிலோ நீராவி தண்ணீராக மாறும்போது சுமார் 25 லட்சம் ஜூல் வெப்பம் வெளிப்படும். அதை ஒரு நாளின் 86,400 விநாடிகளால் வகுத்தால், சதுர மீட்டருக்குச் சுமார் 29 வாட். வெப்பமண்டலக் கடல்களின் மழைப்பட்டையில் நாளுக்கு 10 மில்லிமீட்டர் மழை சாதாரணம். அப்படியென்றால் அங்கே மழை மட்டுமே காற்றுக்குச் சதுர மீட்டருக்கு 290 வாட் வெப்பத்தைக் கொடுக்கிறது. பூமி முழுவதும் சராசரியாக உறிஞ்சும் வெயில் சதுர மீட்டருக்கு 240 வாட்தான். ஹாட்லி சுழற்சியின் எஞ்சின் எங்கே இருக்கிறது என்பது இந்த ஒரு கணக்கிலேயே தெரிந்துவிடும்.

கதிர்வீச்சின் பக்கம் வருவோம். மேகங்கள் நல்லவையா கெட்டவையா, அதாவது மொத்தத்தில் குளிர்விக்கின்றனவா சூடாக்குகின்றனவா என்பது நெடுங்காலம் விவாதத்தில் இருந்தது. 1980களில் விண்ணுக்குப் போன செயற்கைக்கோள்களின் அளவீடுகளைக் கொண்டு வீரபத்ரன் ராமநாதனும் அவருடைய சகாக்களும் 1989இல் இதற்கு விடை சொன்னார்கள். குளிர்விக்கின்றன. இன்றைய அளவீடுகளின்படி, மேகங்கள் திருப்பி அனுப்பும் வெயில் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 45 முதல் 50 வாட். பிடித்துவைக்கும் அகச்சிவப்பு வெப்பம் 25 முதல் 30 வாட். மிச்சக் கணக்கில் சுமார் 20 வாட் குளிர்ச்சி. காற்றில் கரியமில வாயு இரண்டு மடங்கானால் கூடும் வெப்பம் 4 வாட்டுக்கும் குறைவு என்பதோடு ஒப்பிட்டால், மேகங்களில் வரும் சிறிய மாற்றம்கூட ஏன் இவ்வளவு கவலைக்குரியது என்று புரியும்.

காற்றைப் பொறுத்தவரை இந்தச் சராசரி எண் பாதிக் கதையைத்தான் சொல்கிறது. மேகம் வெயிலைத் தடுக்கும்போது குளிர்வது பெரும்பாலும் கீழே இருக்கும் கடலும் தரையும். அகச்சிவப்பைப் பிடித்துவைக்கும்போது சூடாவது பெரும்பாலும் காற்று. அதுவும் மேகம் இருக்கும் உயரத்தைப் பொறுத்து மாறும். வெப்பமண்டலத்தின் உயரமான மேகங்கள் தமக்குக் கீழே உள்ள காற்றில் வெப்பத்தைத் தேக்குகின்றன. தாழ்வான மேகங்களோ தம் உச்சியிலிருந்து வெப்பத்தை மேல்நோக்கி விட்டு, தாம் இருக்கும் காற்றையே குளிர்விக்கின்றன. இப்படி, பூமத்திய ரேகைப் பக்கத்துக் காற்றைச் சூடாக்கி, அப்பால் உள்ள காற்றைக் குளிர்வித்து, வெப்ப வேறுபாட்டை மேகங்கள் இப்போதே கொஞ்சம் கூட்டித்தான் வைத்திருக்கின்றன. எவ்வளவு மேகம் என்பதோடு எங்கே, எந்த உயரத்தில் என்பதையும் கேட்டால்தான் காற்றைப் பற்றி ஏதாவது சொல்ல முடியும்.

தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ளும் ஒரு மேகம்

பெரு, நமீபியா, கலிபோர்னியா கரைகளை ஒட்டிய குளிர்ந்த கடல்களின் மேல், கீழிருந்து பார்த்தால் சாம்பல் கூரைபோல, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பரப்பில் தாழ்வான அடுக்கு மேகங்கள் படர்ந்திருக்கும். தடிமன் சில நூறு மீட்டர்தான். மழை என்று சொல்லும்படி எதுவும் தராது, தூறலோடு சரி. அதனால் இடி மேகத்துக்குக் கிடைக்கும் கவனம் இதற்குக் கிடைப்பதில்லை. எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த மேகம் இதுதான்.

இதன் உச்சியைப் பாருங்கள். மேலே வறண்ட, சூடான காற்று. கீழே ஈரமான, குளிர்ந்த காற்று. இரண்டுக்கும் நடுவே ஒரு கூர்மையான எல்லை. வழக்கத்துக்கு மாறாக மேலே சூடு, கீழே குளிர்ச்சி என்று இருப்பதால் அந்த எல்லை ஒரு மூடியாக அமைந்து, ஈரம் மேலே தப்பிக்காமல் தடுக்கிறது. மேகத்தின் உச்சியில் சில பத்து மீட்டர் ஆழத்துக்குள் இருக்கும் துளிகள் இரவு பகலாக அகச்சிவப்பு வெப்பத்தை வானத்துக்கு விட்டுக் குளிர்கின்றன. குளிர்ந்த காற்று கனமாகிக் கீழே விழுகிறது. அந்த இடத்தை நிரப்பக் கடல்பரப்பிலிருந்து ஈரக்காற்று மேலே வருகிறது. வந்த ஈரம் துளியாகிறது, மேகம் நீடிக்கிறது. அதாவது மேகம் தன் குளிர்ச்சியாலேயே தனக்கு வேண்டிய ஈரத்தை வரவழைத்துக்கொள்கிறது.

கூடவே இன்னொன்றும் நடக்கிறது. மேகம் வெயிலைத் தடுப்பதால் கடல் குளிர்ச்சியாகவே இருக்கிறது. கடல் குளிர்ச்சியாக இருப்பதால் மேலே உள்ள மூடி இன்னும் கெட்டியாகிறது, மேகம் இன்னும் நிலைக்கிறது. இந்தச் சங்கிலி பசிபிக் பெருங்கடலின் காற்றையே எப்படிப் பிடித்துவைக்கிறது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

பூமி சூடானால் மேகங்களுக்கு என்ன ஆகும்

நன்றாக நிறுவப்பட்ட மாற்றங்கள் மூன்று.

முதலாவது, வெப்பமண்டலத்தின் உயரமான மேகங்கள் இன்னும் உயரே போகும். இடி மேகத்தின் உச்சி ஓர் உயரத்தில் பக்கவாட்டில் விரிந்து பரவுவதைப் பார்த்திருப்பீர்கள். அது ஏன் அங்கே நிற்கிறது? அந்த உயரத்தில் வெப்பநிலை மைனஸ் 50 டிகிரிக்கும் கீழே. அவ்வளவு குளிரில் காற்றில் நீராவி என்பதே மிக அரிது. நீராவி இல்லாத காற்றால் அகச்சிவப்பாக வெப்பத்தை விட்டுக் குளிர முடியாது. காற்று குளிராத உயரத்துக்கு மேகத்தைத் தள்ளும் உந்துதலும் தீர்ந்துவிடுகிறது. இதை 2002இல் டென்னிஸ் ஹார்ட்மன், கிறிஸ்டின் லார்சன் இருவரும் முன்வைத்தார்கள். காற்றில் எவ்வளவு நீராவி இருக்கலாம் என்பது வெப்பநிலையைப் பொறுத்தது என்பதால், பூமி சூடானாலும் மேகம் ஏறக்குறைய அதே வெப்பநிலையில்தான் போய் நிற்கும். அந்த வெப்பநிலை இப்போது இன்னும் உயரத்தில் இருக்கிறது, எனவே மேகமும் உயர்கிறது. கீழே தரை சூடாகிறது, மேகத்தின் உச்சி மட்டும் பழைய குளிர்ச்சியிலேயே இருந்து பழைய அளவு வெப்பத்தையே விண்வெளிக்கு விடுகிறது. இதனால் மேல் காற்றில் கூடுதலாக வெப்பம் தேங்குகிறது.

இரண்டாவது, வியாபாரக் காற்று வீசும் கடல்களின் தாழ்வான மேகங்கள் குறையும். கடல் சூடானால் மேகத்துக்கு மேலே இருக்கும் வறண்ட காற்றுக்கும் கீழே இருக்கும் ஈரக்காற்றுக்கும் உள்ள ஈர வேறுபாடு கூடுகிறது. மேலிருந்து கலக்கும் கொஞ்சம் காற்றே மேகத்தை முன்னைவிட வேகமாக உலர்த்திவிடுகிறது. மேகம் குறைந்தால் வெயில் கடலில் கூடுதலாக விழும். எவ்வளவு குறையும் என்பதில் நீண்ட காலம் பெரிய சர்ச்சை இருந்தது. 2020 தொடக்கத்தில் பார்படாஸ் தீவுக்கு அருகே விமானங்களும் கப்பல்களும் சேர்ந்து இந்தச் சின்னச் சின்ன மேகங்களை நேரடியாக அளந்தன. காலநிலையைக் கணக்கிடும் சில கணினி மாதிரிகள் பயமுறுத்திய அளவுக்கு இந்த வகை மேகங்கள் எளிதில் காணாமல் போகாது என்று அந்த அளவீடுகள் காட்டின. இது ஒரு நல்ல செய்தி, அதைச் சொல்லத்தான் வேண்டும்.

மூன்றாவது, துருவங்களை நெருங்கிய கடல்களில் மேகங்கள் இன்னும் வெளிச்சமாகும். அண்டார்டிகாவைச் சுற்றியுள்ள தென்பெருங்கடலின் மேகங்களில் பனித்துகளும் தண்ணீரும் கலந்திருக்கும். மைனஸ் 20 டிகிரியில்கூட அங்கே உறையாத நீர்த்துளிகள் உண்டு. சூடு கூடும்போது பனியின் பங்கு குறைந்து தண்ணீரின் பங்கு கூடுகிறது. ஒரே எடை தண்ணீர், சில பெரிய பனித்துகள்களாக இருப்பதைவிடப் பல சிறிய துளிகளாக இருந்தால் வெயிலை அதிகம் திருப்பும், சீக்கிரம் கீழே விழுந்தும் போகாது.

எல்லாவற்றையும் கூட்டினால் மேகங்கள் புவி வெப்பமாதலைக் கூட்டவே செய்யும் என்பது ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழுவான ஐபிசிசி 2021இல் வெளியிட்ட அறிக்கையின் முடிவு. கரியமில வாயு இரண்டு மடங்கானால் பூமி பெரும்பாலும் 2.5 முதல் 4 டிகிரி வரை சூடாகும் என்று அதே அறிக்கை சொல்கிறது. அந்த இடைவெளிக்கு மிகப் பெரிய காரணமும் மேகங்களே.

ஜெட் காற்று ஏன் துருவப் பக்கம் நகர்கிறது

முன்பு சொன்ன விதியை இங்கே பொருத்திப் பார்ப்போம். வெப்பமண்டலத்தின் மேல் காற்று, உயரும் மேகங்களால் கூடுதலாகச் சூடாகிறது. மேல் மட்டத்தில் வெப்பமண்டலத்துக்கும் துருவத்துக்கும் உள்ள வேறுபாடு கூடுகிறது. அப்புறம் கடலைப் பாருங்கள். குறைந்த அட்சரேகைகளில் தாழ்வான மேகம் குறைந்து வெயில் கூடுகிறது. உயர்ந்த அட்சரேகைகளில் மேகம் வெளிச்சமாகி வெயில் குறைகிறது. நடு அட்சரேகைகளில் கடலின் வெப்பநிலை முன்னைவிடச் செங்குத்தாக விழுகிறது. இரண்டும் ஒரே திசையில் வேலை செய்து ஜெட் காற்றையும் புயல்பாதையையும் துருவப் பக்கம் தள்ளுகின்றன. அட்சரேகையில் ஒரு டிகிரி நகர்ந்தாலே அது 111 கிலோமீட்டர். ஒரு புயல்பாதையின் விளிம்பில் இருந்துகொண்டு மழைக்குக் காத்திருக்கும் நிலங்களுக்கு அது சிறிய தூரம் இல்லை.

சரி, இது மேகத்தின் வேலைதான், வேறு எதனாலும் இல்லை என்று எப்படிப் பிரித்துச் சொல்வது? பூமி சூடாகும்போது எல்லாமே ஒரே நேரத்தில் மாறுகிறதே. இதற்காக ஆய்வாளர்கள் செய்யும் கணினிச் சோதனையை நான் மிக அழகான சோதனைகளில் ஒன்றாகக் கருதுகிறேன்.

முதலில் இன்றைய காலநிலையைக் கணினி மாதிரியில் ஓட்டி, ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு நேரத்திலும் இருந்த மேகங்களைப் பதிவுசெய்துகொள்கிறார்கள். அடுத்து, சூடான பூமியை ஓட்டி அதன் மேகங்களையும் பதிவுசெய்கிறார்கள். பிறகு மாற்றிப் போடுகிறார்கள். சூடான கடலுக்கு மேல் இன்றைய மேகங்கள், இன்றைய கடலுக்கு மேல் சூடான பூமியின் மேகங்கள் என்று. மாதிரி தனக்குள் என்ன மேகத்தை உருவாக்கினாலும், கதிர்வீச்சுக் கணக்கில் மட்டும் அந்தப் பதிவிலிருந்து எடுத்த மேகமே நுழையும். இப்படி நான்கு விதமாக ஓட்டினால், காற்றின் மாற்றத்தில் எவ்வளவு கடல் சூடானதால் வந்தது, எவ்வளவு மேகம் மாறியதால் வந்தது என்று பிரித்துவிடலாம்.

காலநிலை மாதிரிகளின் தொடக்க காலத்தில் மேகங்களை அசையாமல் வைப்பது ஒரு கட்டாயம். 1967இல் சியூக்குரோ மனாபேவும் ரிச்சர்ட் வெதரால்டும் கரியமில வாயு இரண்டு மடங்கானால் பூமி எவ்வளவு சூடாகும் என்ற புகழ்பெற்ற கணக்கைப் போட்டபோது மேகங்களை மாறாதவையாகவே எடுத்துக்கொண்டார்கள், அப்போதைய கணினிகளால் அவ்வளவுதான் முடியும். மனாபேக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது. அன்று வேறு வழியில்லாமல் செய்ததை, மேகத்தின் பங்கை அளக்கும் கருவியாக இன்று வேண்டுமென்றே செய்கிறார்கள்.

இந்தச் சோதனைகளில், பல மாதிரிகளில், ஜெட் காற்று துருவப் பக்கம் நகர்வதில் பாதி அளவுக்கு மேகங்களின் கதிர்வீச்சு மாற்றத்தால் வருகிறது என்று தெரியவந்தது. ஐகோ ஃபோய்க்ட், டிஃபனி ஷா இருவரும் 2015இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையைக் கவனிக்க வைத்தது. கடலின் வெப்பநிலையை மாற்றாமல், காற்றில் மட்டும் மேகங்களை மாற்றினாலே ஜெட் காற்று நகர்கிறது. சில ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி, வெப்பமண்டலத்தில் மேகம் உயர்ந்தால், நடு அட்சரேகையில் புயல் தடம் மாறுகிறது.

எதிர்த்திசையில் இழுப்பதும் உண்டு. ஆர்க்டிக் பகுதி 1979க்குப் பிறகு உலகச் சராசரியைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் சூடாகியிருக்கிறது. அது தரையை ஒட்டிய மட்டத்தில் துருவத்துக்கும் மற்ற இடங்களுக்கும் உள்ள வேறுபாட்டைக் குறைத்து, ஜெட் காற்றைப் பூமத்திய ரேகைப் பக்கம் இழுக்கிறது. வட அரைக்கோளத்தில் குளிர்காலத்து ஜெட் காற்று எங்கே போய் நிற்கும் என்பது இன்னும் தெளிவாகாமல் இருப்பது இந்த இழுபறியால்தான். தென் அரைக்கோளத்தில் படம் தெளிவாக இருக்கிறது. அங்கே ஓசோன் ஓட்டையும் சேர்ந்து கோடைக்காலக் காற்றைத் துருவப் பக்கம் தள்ளியிருக்கிறது.

மழை கூடும், சுழற்சி தளரும்

முதலில் கேட்கும்போது முரணாகத் தெரியும் ஒரு விஷயம் இது. காற்று ஒரு டிகிரி சூடானால் அதில் இருக்கக்கூடிய நீராவி சுமார் 7 சதவீதம் கூடும். மழையும் 7 சதவீதம் கூட வேண்டும்தானே? கூடுவது சுமார் 2 முதல் 3 சதவீதம்தான். ஏனென்றால் மழை பெய்யும்போது வெளிப்படும் உள்ளுறை வெப்பத்தைக் காற்று எப்படியாவது கதிர்வீச்சாக வெளியேற்றியாக வேண்டும். அது முடிகிற வேகத்துக்குத்தான் மழையும் பெய்ய முடியும். உயர்ந்த மேகங்கள் அந்த வெளியேற்றத்தைத் தடுப்பதால் அவையும் இந்த வரம்பை நிர்ணயிக்கின்றன.

நீராவி வேகமாகக் கூடுகிறது, மழை மெதுவாகக் கூடுகிறது என்றால், முன்னைவிடக் குறைவான காற்று மேலெழுந்தாலே தேவையான மழை கிடைத்துவிடும். எனவே வெப்பமண்டலச் சுழற்சி சற்றுத் தளரும். ஐசக் ஹெல்டும் பிரையன் சோடனும் 2006இல் இதைத் தெளிவாக எழுதினார்கள். இந்தத் தளர்ச்சி பசிபிக்கில்தான் அதிகம் தெரிய வேண்டும் என்று எதிர்பார்க்கப்பட்டது. மேற்கே இந்தோனேசியாவின் பக்கம் மேலெழுந்து, கிழக்கே தென் அமெரிக்கக் கரையை ஒட்டி இறங்கும் சுழற்சிக்கு வாக்கர் சுழற்சி என்று பெயர்.

நடந்தது வேறு. 1980களிலிருந்து சில பத்தாண்டுகளுக்குப் பசிபிக்கின் வியாபாரக் காற்று தளரவில்லை, பலமடைந்தது. உலகின் மற்ற கடல்கள் சூடானபோது கிழக்குப் பசிபிக்கின் பெரும்பகுதி சூடாகவில்லை, சில இடங்களில் சற்றுக் குளிரவும் செய்தது. இங்கேதான் அந்தத் தாழ்வான மேகங்கள் மறுபடி வருகின்றன. வெப்பமண்டலத்தில் மேல் காற்றின் வெப்பநிலை எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும், அதைத் தீர்மானிப்பது மிகச் சூடான கடல், அதாவது மேற்குப் பசிபிக். மேற்கு சூடாகும்போது கிழக்கில் மேல் காற்றும் சூடாகிறது. கீழே கடல் குளிர்ச்சியாக இருக்க, மேலே சூடு கூட, அந்த மூடி கெட்டியாகி, தாழ்வான மேகம் பெருகி, கடலை மேலும் குளிராக வைக்கிறது. கிழக்கு குளிராகவும் மேற்கு சூடாகவும் இருப்பதால் காற்றும் பலமாகவே வீசுகிறது. பெரும்பாலான மாதிரிகள் இந்தப் போக்கை முன்கூட்டிக் காட்டவில்லை. கிழக்கு இனிமேல் சூடாகத் தொடங்கினால் அந்த மேகங்கள் கலைந்து, வெயில் கடலில் இறங்கி, வெப்பமாதலின் வேகமே கூடக்கூடும். இந்த விஷயத்தில் அலட்சியமாக இருக்க எந்தக் காரணமும் இல்லை.

இரண்டு அரைக்கோளங்களின் கணக்கு

வட அரைக்கோளத்தில் நிலம் அதிகம், தென் அரைக்கோளத்தில் கடல் அதிகம். நிலம் கடலைவிட வெளிர்நிறம். அதனால் வடக்குதான் அதிக வெயிலைத் திருப்பி அனுப்ப வேண்டும். 21ஆம் நூற்றாண்டின் செயற்கைக்கோள் அளவீடுகளில் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு, சதுர மீட்டருக்குச் சுமார் 100 வாட் திருப்புகின்றன. தெற்கின் குறையைத் தென்பெருங்கடலின் மேகங்கள் ஈடுசெய்துவிடுகின்றன. ஏன் இவ்வளவு நெருக்கமாகச் சமன் ஆகிறது என்பதற்கு எல்லோரும் ஏற்கும் விளக்கம் இன்னும் இல்லை.

இந்தச் சமன் குலைந்தால் முதலில் அசைவது பூமத்திய ரேகையை ஒட்டிய மழைப்பட்டை. ஓர் அரைக்கோளம் மற்றதைவிடச் சூடானால் மழைப்பட்டை அந்தச் சூடான பக்கம் நகரும், ஹாட்லி சுழற்சியின் மேல் கிளை வெப்பத்தைக் குளிர்ந்த பக்கத்துக்குக் கடத்தும். 1970களிலும் 80களிலும் ஆப்பிரிக்காவின் சாஹேல் பகுதியைத் தாக்கிய கொடிய வறட்சிக்கு, வடக்கின் தொழிற்சாலைப் புகை மேகங்களை வெளிச்சமாக்கி வட அரைக்கோளத்தைக் குளிர்வித்ததும் ஒரு காரணம் எனப் பல ஆய்வுகள் சொல்கின்றன. மழையை நம்பிய லட்சக்கணக்கான மக்கள் பட்ட பாடு அது. மேகத்தின் நிறத்தில் வரும் மாற்றம் எவ்வளவு தூரம் போய்த் தைக்கும் என்பதை இதைவிட அழுத்தமாகச் சொல்லும் உதாரணம் எனக்குத் தெரியாது.

பார்த்தது, பார்க்கப்போவது

இந்த மாற்றங்கள் கணினியில் மட்டும் இல்லை. 1983 முதல் 2009 வரையிலான செயற்கைக்கோள் பதிவுகளைத் திருத்தி ஆராய்ந்து 2016இல் வெளியான ஓர் ஆய்வு, புயல்பாதை மேகங்கள் துருவப் பக்கம் நகர்ந்திருப்பதையும், வறண்ட பகுதிகள் விரிந்திருப்பதையும், மேகங்களின் உச்சி உயர்ந்திருப்பதையும் காட்டியது. மாதிரிகள் சொன்ன அதே திசை.

மாதிரிகளின் பலவீனமும் தெரிந்ததுதான். உலகம் முழுவதையும் சுமார் 100 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடும்போது, ஒரு கட்டத்துக்குள் ஆயிரக்கணக்கான சிறு மேகங்கள் அடங்கிவிடுகின்றன. அவற்றை ஒவ்வொன்றாகக் கணக்கிட முடியாமல் தோராய விதிகளால் சமாளிக்கிறார்கள். ஒவ்வொரு ஆய்வுக்குழுவின் தோராயமும் வேறு. ஒரு மாதிரியில் காற்று ஓரிடத்திலும் இன்னொன்றில் வேறிடத்திலும் போய் நிற்பதற்கு இதுவே பெரிய காரணம். சில கிலோமீட்டர் கட்டங்களில் உலகத்தையே கணக்கிடும் புதிய மாதிரிகள் இப்போது வந்துகொண்டிருக்கின்றன. அவற்றில் இடி மேகம் தோராய விதியின்றித் தானாகவே எழுகிறது. தாழ்வான மேகங்களுக்கு அந்தக் கட்டமும் இன்னும் பெரிதுதான்.

அளவீட்டுப் பக்கத்தில், மேகத்தையும் காற்றையும் ஒன்றாகப் பார்க்கும் கருவி நெடுநாள் கனவாக இருந்தது. மேகத்துக்குள் எவ்வளவு தண்ணீர், எவ்வளவு பனி என்று 2006 முதல் விண்வெளி ரேடார் பார்த்துவந்தது, அதற்குள் காற்று ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்கவில்லை. ஐரோப்பிய விண்வெளி முகமையும் ஜப்பானின் ஜாக்ஸாவும் சேர்ந்து 2024 மே மாதம் ஏவிய எர்த்கேர் செயற்கைக்கோள் அதைச் செய்கிறது. சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில், விநாடிக்கு 7 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் பறந்துகொண்டே, கீழே மேகத்துக்குள் துளிகளும் பனித்துகள்களும் விநாடிக்கு ஓரிரு மீட்டர் வேகத்தில் ஏறி இறங்குவதை அதன் ரேடார் அளக்கிறது.